நெல்லிக்கொம்பை லாரியின் மூன்று பிளக்குகள்

நெல்லிக்கொம்பைக்கு அந்த லாரி வந்து சேர்ந்த நாளிலேயே அதன் பின்பக்கத்தில் இடப்பக்கப் பலகையில் ஆறு பட்டாளத்துக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய சண்டையில் பர்மாப் பக்கம் ஓடிய வண்டி என்று சொல்லி மரவள்ளிச் சங்கத்தார் ராணுவ ஏலத்தில் எடுத்துவந்தது அது. பெட்ரோலில் ஓடும், ஆறு சிலிண்டர், ஆறு பிளக்கு. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்வரை ஆறு பேரும் முழங்காலில் கைவைத்து நேரே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள், நிறுத்தினால் இருக்கமாட்டார்கள், மறுநாள் கிளப்பினால் அதே இடத்தில் அதே மாதிரி இருப்பார்கள். முதல் மாதம் ஊர் பயந்தது, இரண்டாம் மாதம் பழகியது, மூன்றாம் மாதம் கிழங்கு மூட்டைகளை வலப்பக்கமாகவே அடுக்கக் கற்றுக்கொண்டது. கல்லாற்றில் இறங்கி ஏற அந்த உயரமான சக்கரங்களால்தான் முடியும், மூட்டை ஏற்றவும் ஆள் படுக்கவும் வேறு வண்டி கிடையாது. ஆகவே பிரசவத்துக்குப் போன பெண்கள் அந்த ஆறு பேருக்கு எதிரே படுத்தபடி வலியில் கத்தினார்கள், கல்யாணப் பெண்கள் அவர்களுக்கு எதிரே தலை குனிந்து உட்கார்ந்து போனார்கள், பாம்பு கடித்தவர்கள் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே பிழைத்தார்கள், அல்லது செத்தார்கள். தலை எண்ண வந்த வாத்தியார் இவர்களையும் எழுதவா என்று யோசித்து, ராத்திரி எங்கே தூங்குகிறார்கள் என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை, எழுதாமல் போய்விட்டார். அவர்கள் பேசி ஒருவரும் கேட்டதில்லை. தமிழ் தெரியாதவர்கள் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

வண்டியை முதலில் ஓட்டியவர் பழனியாயியின் அப்பா. அவர் போனபிறகு அந்த இரண்டு ஆள் பலம் வேண்டிய கிளட்சை மிதிக்கத் தெரிந்தவள் பழனியாயி ஒருத்திதான், ஆகவே அவள் ஓட்டினாள். அவளுக்கு நாற்பது வயது, பிள்ளைகள் இல்லை. புருஷன் மாதையன் மரவள்ளி போட்டான், அவள் ஏற்றிக்கொண்டு போனாள். கடைசி உபரி பிளக்கை மாட்டி ஏழு வருஷம் ஆகியிருந்தது. சேலத்துக்குப் போகும்போதெல்லாம் விசாரிப்பாள், இல்லை என்பார்கள், ஓடுகிறவரைக்கும் ஓடட்டும் என்று திரும்பிவிடுவாள். அந்த 'ஓடட்டும்' என்ற நினைப்பை எண்ணி அவள் பின்னால் பலமுறை தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கிழங்கு ஆலையிலிருந்து காலி வண்டியாக மேலேறும்போது கடைசி வளைவில் இன்ஜின் மிஸ் அடித்தது. பழனியாயி புளியமரத்து மைதானத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டே மூடியைத் திறந்து காதைக் கொடுத்தாள். முதல் சிலிண்டர் வேலை செய்யவில்லை. அவள் நிமிர்ந்தபோது முதல் இருக்கையில் இருந்த நரைமீசைக்காரன் எழுந்து, பின்பலகையில் கால்வைத்துக் கீழே இறங்கினான். இத்தனை வருஷத்தில் அவர்களில் ஒருவன் எழுந்து நின்றதை யாரும் பார்த்ததில்லை. அவன் அவசரமில்லாமல் மைதானத்தைக் கடந்து, ஆண்டியப்பனின் டீக்கடைக் கதவுக்கு முன்னால் போய், சுவரில் முதுகு படாமல் விறைப்பாக நின்றான்.

கடைக்குள் டீ ஆற்றிக்கொண்டிருந்த ஆண்டியப்பன் டம்ளரைக் கீழே வைத்தார், தோளில் கிடந்த துண்டை மடித்துப் பலகைமேல் போட்டார், வெளியே வந்தார், லாரியில் ஏறி முதல் இருக்கையில் உட்கார்ந்து முழங்காலில் கைவைத்துக்கொண்டார்.

"ஏங்க, என்ன விளையாட்டு இது? இறங்குங்க" என்று அவர் மனைவி காவேரி ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தாள். கை வந்தது, ஆள் வரவில்லை. கண் நேரே பார்த்தது. நாலு பேர் சேர்ந்து தூக்கிப் பார்த்தார்கள். ஆற்றுப் பாறையைத் தூக்குவதுபோல இருந்தது. யாரோ ஒருவர், "வண்டிய நிறுத்திப் பாரு பழனியாயி, எறங்கிடுவாரு" என்றார், அவளும் கையை நீட்டினாள். அப்போது காவேரி போட்ட கூச்சலில் மரத்துக் காக்கைகள் கிளம்பின.

"நிறுத்தாத! நிறுத்துனா அவங்க எல்லாம் காணாமப் போவாங்கல்ல? இவரு எங்க போவாரு?"

பழனியாயி கையை எடுத்துக்கொண்டாள். அந்தக் கணத்திலிருந்து வண்டியை நிறுத்த முடியாமல் போயிற்று. ஊரில் இருந்த பைக்குகளிலிருந்தெல்லாம் பெட்ரோலை உறிஞ்சி ஊற்றினார்கள், பத்தாமல் போனபோது ஆண்கள் கேன்களைத் தோளில் வைத்துக் கல்லாற்று நடைபாலத்தைக் கடந்து கீழூருக்குப் போய் வாங்கிவந்தார்கள். மிஸ் அடிக்கும் இன்ஜின் தானாக நின்றுவிடாமலிருக்க யாராவது ஒருவர் ஆக்ஸிலேட்டரில் கால்வைத்தபடி முறைபோட்டு உட்கார்ந்தார்கள். காவேரி கஞ்சி கரைத்து எடுத்துப்போய் ஊட்டினாள், அது ஆண்டியப்பனின் வாயோரமாக வழிந்தது. டீக்கடையில் ஆளில்லாததால் ஊர் தானே டீ போட்டுக் குடித்தது, வாசலில் நின்றவனுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தது. அவன் வாங்கி, ஆறும்வரை பிடித்துக்கொண்டிருந்து, ஒரு சொட்டும் குறையாமல் திருப்பிக் கொடுத்தான்.

வியாழக்கிழமை மத்தியானம் இரண்டாவது பிளக்கு போனது. இறங்கியவன் ஆறு பேரில் சின்னவன், மீசை அரும்பாத முகம், பெரிய சட்டை. பழனியாயி மைதானத்தில் நின்று அவன் எந்தத் தெருவுக்குத் திரும்புகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தன் தெருவுக்குள் திரும்பியதும் ஓடினாள், குறுக்கே நின்றாள், மார்பில் கைவைத்துத் தள்ளினாள், அவன் அவளைச் சுற்றிக்கொண்டு நடந்தான். "வெளிய வராதீங்க! கதவத் தெறக்காதீங்க!" என்று கத்தினாள். மாதையன் கதவைத் திறந்தான். அவளைப் பார்த்தும் பாராமல் அவளைத் தாண்டி லாரிக்கு நடந்து போனான், மண்வெட்டிச் சேறு காயாத காலோடு.

அதன் பிறகு ஊர் செய்த காரியத்தை யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. ஒருவர் தன் வீட்டுக் கதவைக் கழற்றினார். பட்டாளத்துக்காரன் கதவு இருக்கிற வீட்டில்தான் நிற்கிறான், கதவே இல்லாவிட்டால் எங்கே நிற்பான் என்றார். பொழுது சாய்வதற்குள் எல்லா வீட்டிலும் கீல் கழற்றும் சத்தம் கேட்டது. தேக்குக் கதவு, தகரக் கதவு, தட்டிக் கதவு, கோழிக்கூண்டின் கதவுகூட மைதானத்துக்கு வந்தது. எல்லாவற்றையும் அடுக்கித் தீ வைத்தார்கள். பட்டாளத்துக்காரர்கள் நின்ற இரண்டு கதவுகளை மட்டும் யாரும் தொடவில்லை. வாய் திறந்த வீடுகளுக்குள் ஜனங்கள் சுவரோடு சுவராக ஒண்டிக்கொண்டார்கள்.

மூன்றாவது பிளக்கும் விட்டுவிட்டுத்தான் எரிந்தது. மூன்றாவது இருக்கைக்காரன், காதோரம் தழும்புள்ளவன், ஒவ்வொரு தடவை அது விடும்போதும் பாதி எழுந்து, எரியும்போது உட்கார்ந்தான்.

வெள்ளி விடிந்ததும் பழனியாயி அப்பாவின் தகர டப்பாவிலிருந்து ஒரு செத்த பிளக்கை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். தங்கை செல்லாயியை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, "காலை எடுக்காத. என்ன நடந்தாலும் எடுக்காத. ஒண்ணுக்கு வந்தாலும் அங்கயே போ" என்றாள்.

"நீ வரவரைக்கும் எடுக்கமாட்டேன். சீக்கிரம் வந்துரு அக்கா."

கீழூருக்கு நடந்து பஸ் பிடித்துப் போய், சேலத்தில் பதினாறு கடை ஏறி இறங்கினாள். அந்தப் பிளக்கு மற்றவைபோல வெள்ளைப் பீங்கான் தெரிய நிற்காது, தலைவரைக்கும் இரும்புச் சட்டை போட்டிருக்கும், வயரை அழுத்திச் செருக முடியாது, மரைபோட்டுத் திருக வேண்டும். ஆற்றுத் தண்ணீர் ஏறினாலும் நனையாமலிருக்கப் பட்டாளத்துக்கென்று செய்தது. சில கடைக்காரர்கள் அதை உருட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர் டிராக்டர் பிளக்கைக் காட்டி, "இத வெச்சு ஒப்பேத்திக்கம்மா" என்றார். இன்னொருவர், "வண்டியவே எடைக்குப் போட்டுருங்களேன்" என்றார், அவள் அழத் தொடங்கியதும் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார். அந்தத் தண்ணீர் கொடுத்தவர்தான், சங்ககிரியில் ஸ்டெல்லா என்று ஒரு அம்மா பழைய சாமான் கடை வைத்திருக்கிறாள், அவளிடம் இல்லாவிட்டால் எங்கும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை காலை கடை திறக்கும்போதே பழனியாயி போய் நின்றாள். ஸ்டெல்லாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும், கண்ணாடி போட்ட குட்டையான பெண். பிளக்கை வாங்கிப் பார்த்தவள் அதைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"எத்தனை பேரு ஏறி உக்காந்திருக்காங்க?" என்று கேட்டாள்.

"ரெண்டு. ஒருத்தரு எங்க வீட்டுக்காரரு."

"வண்டி ஓடுதா?"

"தங்கச்சி மிதிச்சிட்டு இருக்கா."

ஸ்டெல்லா ஸ்டூலில் உட்கார்ந்தாள். "எங்கப்பா ஜவ்வாது மலையில மரம் இழுத்தாரு. இதே மாதிரி வண்டிதான், எங்களுதுல நாலு பேரு இருந்தாங்க. எனக்கு ஒம்பது வயசு. எங்கண்ணன் ஏறி உக்காந்துட்டான். அப்பா பிளக்குத் தேடி மெட்ராஸ் வரைக்கும் போனாரு. அவரு திரும்பி வந்தப்ப பெட்ரோல் தீந்து வண்டி அடங்கி மூணு நாளு ஆயிருந்துச்சு."

"அண்ணன்?"

"பிளக்கப் போட்டு வண்டியக் கிளப்பினோம். நாலு பேரும் இருந்தாங்க. அண்ணன் இல்ல."

அவள் உள்ளே போய் ஒரு டப்பாவோடு வந்தாள். மெழுகுத் தாளில் சுற்றி, எண்ணெய் காயாமல், மூன்று பிளக்குகள். "எடுத்துட்டுப் போம்மா. எங்கிட்ட இப்ப வண்டி இல்ல." பழனியாயி வாசல் இறங்கியதும் பின்னாலிருந்து கூப்பிட்டாள். "ஓடும்போதே மாத்தணும். ஒண்ணு ஒண்ணா. கழட்டுன வயரு இரும்புல பட்டாலும், பிளக்கு ஓட்டைக்கிட்ட வந்தாலும் தீப்பிடிச்சிரும். ரப்பர் சுத்திப் பிடிச்சுக்க ஆள் வை. பயப்படாத ஆளா வை."

கல்லாற்று நடைபாலத்தில் கால் வைத்தபோது சனிக்கிழமை மூன்று மணி வெயில். அங்கிருந்தே பழனியாயிக்கு இன்ஜின் சத்தம் கேட்டது. ஆறில் மூன்று வெடிப்புதான் கேட்டது, நடுநடுவே ஒரு நொண்டியின் மூச்சுபோல இடைவெளி விழுந்தது. மூன்றாவதும் போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. ஏற்றத்தில் ஓடினாள், செருப்பு அறுந்து, அதை விட்டுவிட்டு ஓடினாள்.

ஊருக்குள் ஆள் சத்தமே இல்லை. கதவில்லாத வீடுகளுக்குள் கண்கள் மட்டும் தெரிந்தன. தழும்புக்காரன் காலையிலேயே இறங்கிவிட்டான் என்று காவேரி ஓடிவந்து சொன்னாள். நிற்பதற்குக் கதவு கிடைக்காமல் அவன் தெருத்தெருவாக நடந்துகொண்டிருந்தான், சுவர்களை உள்ளங்கையால் தடவிக்கொண்டு, நிலைப்படி வந்தால் அந்த வெற்றிடத்தில் கையை விட்டுத் துழாவி, மறுபடி சுவரைத் தடவிக்கொண்டு போனான். உள்ளே இருந்தவர்கள் அந்தக் கை வந்து போகும்வரை மூச்சுவிடாமல் இருந்தார்கள். மூன்றாவது இருக்கை காலியாகக் காத்திருந்தது.

"காவேரி, நீதான் வயரப் பிடிக்கணும்" என்றாள் பழனியாயி.

"பிடிக்கிறேன். என் உசுரு அங்க உக்காந்திருக்கு, எனக்கு இதுக்கு மேல என்ன பயம்?"

சைக்கிள் டியூபைக் கிழித்துக் காவேரியின் கையில் சுற்றினார்கள். பழனியாயி இன்ஜின் மூடியைத் தூக்கினாள். நாலு நாள் நிற்காமல் ஓடிய சூடு முகத்தில் அடித்தது. முதல் பிளக்கில் ஸ்பேனரை வைத்தபோது தற்செயலாக நிமிர்ந்து பார்த்தாள். மைதானத்தின் எல்லையில் தழும்புக்காரன் வந்து நின்றிருந்தான். அவன் கை காற்றில் எதையோ தேடியது, பிறகு தாழ்ந்தது. அவன் லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆள் நின்ற அந்த இரண்டும் போக ஊரில் மிச்சமிருந்த, யார் கண்ணிலும் படாத ஒரு கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான்: டிரைவர் பக்கத்துக் கதவு. அதற்குப் பின்னால் இரண்டு நாளாகத் தூங்காத செல்லாயி ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டிருந்தாள்.

செல்லாயியும் அவனைப் பார்த்துவிட்டாள். "அக்கா, அவன் இங்க வரான்" என்றாள். "அக்கா, நான் என்ன பண்ணட்டும்?"

அவள் எழுந்துபோனால் கால் போகும், கால் போனால் இன்ஜின் அடங்கும், இன்ஜின் அடங்கினால் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் போவார்கள்.

"மிதி. அவனப் பாக்காத. என்னையப் பாரு."

பழனியாயி ஸ்பேனரை முதல் பிளக்கிலிருந்து எடுத்து மூன்றாவதில் மாட்டினாள். காவேரி வயரைத் திருகிக் கழற்றி மார்போடு அணைத்துப் பிடித்தாள். பிளக்கு இறுகிப்போயிருந்தது. பழனியாயி ஸ்பேனரின் முனையில் ஒரு குழாயைச் செருகி, காலை மட்கார்டில் உதைத்து இழுத்தாள். தழும்புக்காரன் பாதி மைதானம் வந்திருந்தான். பிளக்கு கிறீச்சிட்டது, அசைந்தது, கையால் சுற்றினாள், விரல்கள் வெந்தன, சுற்றினாள், அது வெளியே வந்ததும் ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி புஸ்புஸ்ஸென்று அவள் கழுத்தில் அடித்தது. புதிய பிளக்கை மெழுகுத் தாளிலிருந்து பிரித்து மரையில் வைத்தாள், முதல் தடவை மரை பிடிக்கவில்லை, அவன் மட்கார்டு வரை வந்துவிட்டான், இரண்டாம் தடவை பிடித்தது, அவன் நிழல் அவள் கைமேல் விழுந்து கடந்தது, கதவுக்கு முன்னால் திரும்பி விறைப்பாக நின்றான். செல்லாயியின் முகத்தில் இருந்த பயம் அப்படியே துடைத்தெடுத்ததுபோலக் காணாமற்போவதைப் பழனியாயி முன்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். செல்லாயியின் கை கதவுப்பிடிக்குப் போனது.

"வயரு!" என்று பழனியாயி கத்தினாள். காவேரி வயரைக் கொடுத்தாள், இவள் வாங்கித் திருகினாள்.

மூன்றாவது சிலிண்டர் வெடித்தது. தழும்புக்காரன் யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோலத் தலையைத் திருப்பினான், கதவைவிட்டு விலகினான், பின்பக்கம் போய் ஏறி உட்கார்ந்தான். செல்லாயி கதவுப்பிடியிலிருந்து கையை எடுத்து, ஒன்றும் புரியாமல் அழுதாள். கால் மட்டும் மிதித்தபடியே இருந்தது.

முதல் பிளக்கு சுலபமாக வந்தது. நரைமீசைக்காரன் டீக்கடை வாசலிலிருந்து நடந்து வந்து ஏறினான். ஆண்டியப்பன் இறங்கினார், துண்டைத் தேடித் தோளைத் தடவினார், "யாரு கடையப் பாத்துக்கறா?" என்று கேட்டார். காவேரி வயரை விட்டுவிட்டு ஓடாமல் அங்கேயே நின்று, "இன்னும் ஒண்ணு இருக்கு, இருங்க" என்றாள்.

இரண்டாவது பிளக்கைப் பழனியாயி கழற்றினாள், புதியதைப் போட்டு இறுக்கினாள். வயரை வாங்கக் கையை நீட்டியபோது காவேரியின் பார்வை தன் தோளுக்குப் பின்னால் போவதைக் கண்டு திரும்பினாள். பழனியாயி வீட்டு வாசலில் நின்ற சின்னவன் கூப்பிடாமலே வந்து பக்கத்தில் நின்றிருந்தான். இருபது வயதுகூட இருக்காது. உதடு வெடித்திருந்தது.

"அக்கா, நான் ஏறித்தான் ஆவணுமா?" என்று கேட்டான்.

மைதானத்தில் கூடத் தொடங்கியிருந்த ஜனங்கள் அதைக் கேட்டார்கள்.

"உன் ஊரு எது தம்பி?" என்று கேட்டாள் பழனியாயி.

அவன் யோசித்தான். "மறந்துபோச்சு. உங்க வாசல் நல்லா இருந்துச்சு. காலையில வெயில் விழுது."

பழனியாயி லாரியின் பின்பக்கத்தைப் பார்த்தாள். மாதையன் முழங்காலில் கைவைத்து உட்கார்ந்திருந்தான், அவன் காலில் வியாழக்கிழமைச் சேறு வெடித்துக் காய்ந்திருந்தது. அவள் காவேரியிடமிருந்து வயரை வாங்கினாள். பையனின் முகத்தைப் பார்க்காமல் மரை முழுவதும் திருகினாள்.

இன்ஜின் ஆறு வெடிப்பும் சீராக ஓடியது. சின்னவன் திரும்பிப் போய் ஏறினான். மாதையன் இறங்கிவந்து அவள் தோளில் சாய்ந்தான். செல்லாயியிடம் நிறுத்தச் சொன்னார்கள், அவள் நிறுத்தினாள், ஆறு பேரும் இல்லாமல் போனார்கள். அந்த அமைதி தாங்காமல் ஊரில் கைக்குழந்தைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வீறிட்டன.

"அங்க என்ன இருந்துச்சு?" என்று மறுநாள் பழனியாயி புருஷனைக் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல" என்றான் மாதையன். "யாராச்சும் எறங்கச் சொல்வாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அவ்வளவுதான்."

ஆறு நாள் யாரும் வண்டியைத் தொடவில்லை. கிழங்கு மூட்டைக்குள்ளேயே கறுக்கத் தொடங்கியது. ஏழாம் நாள் காலை ஒரு பெண்ணுக்கு நீர்க்குடம் உடைந்தது, அவளைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வந்துவிட்டார்கள், எல்லோரும் பழனியாயியைப் பார்த்தார்கள். அவள் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினாள். சத்தத்தைக் கேட்டாள், ஆறும் இருந்தது. வளைவுகளில் இறங்கும்போது கண்ணாடியைப் பார்க்கக் கூடாது என்று பார்க்காமலே ஓட்டினாள். கல்லாற்றின் நடுவில் தண்ணீர் சக்கரத்துக்குமேல் ஏறி, இன்ஜின் ஒரு கணம் திணறியபோது பார்த்துவிட்டாள். வலியில் கத்திக்கொண்டிருந்த பெண்ணுக்கு எதிரே ஐந்து பேர் நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது இருக்கைச் சின்னவன் மட்டும் தலையைத் திருப்பி, கண்ணாடியில் அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான், அதே கேள்வியோடு, அவளுடைய பதிலுக்காக. பழனியாயி கிளட்சை மிதித்து, கியரை மாற்றி, அக்கரைக்கு ஏறினாள்.